கட்டைவிரல் பக்கம்

ஜன்னல் ஓரம் நீயே உட்கார் பாப்பா. எனக்குக் காற்று முகத்தில் அடித்தால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். நான் அழுகிறேன் என்று நினைத்துக்கொள்வாய். இந்தப் பையை மட்டும் மேலே வைத்துக் கொடுத்துவிடு. மெதுவாக, மெதுவாக. உள்ளே மாதா சுரூபம் இருக்கிறது. சேலையைச் சுற்றித்தான் வைத்திருக்கிறேன், இருந்தாலும் மனசு கேட்க மாட்டேன் என்கிறது.

நீ கையைத் தூக்கினதும் நான் ஒதுங்கினேன் இல்லையா, தப்பாக நினைக்காதே. பை தலையில் விழுந்துவிடுமோ என்றுதான்.

கையில் கட்டா? அது ஒன்றுமில்லை. கிரைண்டர் கல்லைத் தூக்கும்போது பிசகிவிட்டது. எண்ணெய் போட்டு உருவினால் சரியாகிவிடும்.

கோயம்புத்தூர் வரைக்கும் போகிறாயா? நல்லதாகப் போயிற்று. நானும் உக்கடத்தில்தான் இறங்க வேண்டும். என் மகள் பெனிட்டா அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கராத்தே சொல்லிக்கொடுக்கிறாள். சிரித்தால் சிரித்துக்கொள். இதைச் சொன்னதும் எல்லாரும் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்ப்பார்கள், இந்த அம்மா வயிற்றிலா என்று.

அவளைக் கூட்டிவரத்தான் போகிறேன். ஒரு நாள் வந்தால் போதும். வந்து, அவள் அண்ணன் முன்னால் மண்டியிட்டு ஒரு ஸ்தோத்திரம் சொன்னால் போதும், எங்கள் வீடு பழையபடி ஆகிவிடும். அந்தோணியாருக்குச் செவ்வாய்க்கிழமை தவறாமல் ஒருபொழுது இருக்கிறேன். காணாமல் போனதைக் கண்டுபிடித்துக் கொடுக்கிறவர் அவர். சாவி, கம்மல் என்று எத்தனையோ கிடைத்திருக்கிறது எனக்கு. இது மட்டும்தான் தாமதமாகிறது.

உங்கள் வீட்டில் ஸ்தோத்திரம் சொல்கிற வழக்கம் இருக்காது. நாங்கள் வேதக்காரர்கள். சாயங்காலம் எல்லாரும் சேர்ந்து ஜெபமாலை சொல்வோம். முடிந்ததும் சின்னவர்கள் பெரியவர்கள் முன்னால் மண்டியிட்டு, கை கூப்பி, ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் என்பார்கள். பெரியவர் நெற்றியில் சிலுவை போட்டு ஆசீர்வாதம் கொடுப்பார். எங்கள் வீட்டில் என் பிள்ளைகளின் அப்பா ஒரு பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து கொடுப்பார். அவர் தவறினதும் அந்த நாற்காலி காலியாகக் கிடந்தது. காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டு எப்படி ஜெபம் சொல்வது, நீயே சொல்லு. அதனால் என் மகன் பிரிட்டோவை அதில் உட்காரச் சொன்னேன். மீசை கூட ஒழுங்காக முளைக்கவில்லை அவனுக்கு. "வேணாம்மா, எனக்குக் கூச்சமா இருக்கு" என்றான். தோளைப் பிடித்து அழுத்தி நான்தான் உட்காரவைத்தேன். பெனிட்டாவைக் கூப்பிட்டு, "இனிமே உனக்கு அப்பா இவன்தான். ஸ்தோத்திரம் சொல்லு" என்றேன். சொன்னாள். அவனும் அப்பா மாதிரியே கட்டைவிரலால் நெற்றியில் சிலுவை போட்டான். எனக்கு அன்றைக்குக் கண் நிறைந்துவிட்டது. கர்த்தர் இந்த வீட்டைக் கைவிடவில்லை என்று நினைத்தேன்.

பிரிட்டோ தங்கமான பிள்ளை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் நான் சொல்லப்போவதைக் கேட்டு அவனைத் தப்பாக நினைத்துவிடாதே. குடி கிடையாது. ஞாயிற்றுக்கிழமைப் பூசை தவறமாட்டான். ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்து எங்களைக் காப்பாற்றினான். கோபம் மட்டும் கொஞ்சம் வரும். அவன் அப்பாவின் கோபம். அப்பாவின் கை. டீ ஆறியிருந்தால் வரும், கேட்டதற்கு உடனே பதில் வராவிட்டால் வரும். பெனிட்டாவுக்குத்தான் உடனே பதில் வராதே. அண்ணன் முன்னால் நின்றால் வாய் கட்டிப்போய்விடும். பேசாததற்கு ஓர் அறை விழும். விழுந்ததும் இருக்கிற பேச்சும் போய்விடும். ஆனால் பாரு, அடித்த கையாலேயே ராத்திரிக்குப் பரோட்டா வாங்கிக்கொண்டு வருவான். "தின்னுடி" என்று தட்டைத் தள்ளுவான். பாசம் இல்லாவிட்டால் அப்படிச் செய்வானா?

காலேஜில் சேர்ந்த வருஷம் அவள் ஒரேயடியாக ஒடுங்கிவிட்டாள். சாப்பாடு இறங்கவில்லை. முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. எந்நேரமும் பின்பக்கம் தண்ணீர்த் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொள்வாள். கூப்பிட்டால் திடுக்கென்று எழுந்திருப்பாள். நான் காற்றுக் கருப்பு என்று பயந்து ஃபாதரிடம் மந்திரிக்கக் கூட்டிப்போனேன். அவர்தான் சிஸ்டர்கள் நடத்துகிற ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே ஒரு டாக்டர் சிஸ்டர், வயதானவர்கள். அவளிடம் தனியாக ரொம்ப நேரம் பேசினார்கள். வெளியே வந்து என்னைப் பார்த்து, "மாத்திரை இருக்கட்டும், அப்புறம் பார்ப்போம். முதல்ல இந்தப் பிள்ளையை ஓட விடுங்க. வேர்க்க வேர்க்க ஏதாவது செய்யட்டும். வீட்டை விட்டு வெளியே" என்றார்கள். "வீட்டை விட்டு வெளியே" என்பதை இரண்டு தடவை சொன்னார்கள். நல்ல காற்று வேண்டும் என்கிறார்கள் என்று நான் புரிந்துகொண்டேன்.

அவள் காலேஜ் மைதானத்தில் ரஷீதா என்று ஒரு மாஸ்டர் பெண்பிள்ளைகளுக்குக் காலையில் கராத்தே சொல்லிக்கொடுத்தாள். தலையில் துணியைக் கட்டிக்கொண்டு, ஒல்லியாக, ஊதினால் விழுகிற மாதிரி இருப்பாள். நான் முதல் நாள் கூடப் போனேன். "என்ன மாஸ்டர், இவ தொட்டாச்சிணுங்கி. தாங்குவாளா?" என்றேன். "தொட்டாச்சிணுங்கி சும்மா சுருங்கறதில்லம்மா. யாரோ தொடுறாங்க, அதான் சுருங்குது" என்றாள். வாயாடி. எனக்கு அன்றைக்கே அவளைப் பிடிக்கவில்லை.

ஆனால் பொய் சொல்லக் கூடாது. அந்த இரண்டு மூன்று வருஷம் என் மகள் பூத்தாள் பாப்பா. முதலில் உடம்பு வலி, படியேற முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு வருவாள். அப்புறம் பசி வந்தது. "அம்மா, இன்னும் கொஞ்சம் சோறு போடு" என்று அவள் கேட்ட அன்றைக்கு அடுப்படியில் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன். எத்தனை நாளாயிற்று அவள் வாயால் கேட்டு. அப்புறம் தூக்கம் வந்தது. பிறகு முதுகு நிமிர்ந்தது. பிள்ளை இவ்வளவு உயரமா என்று எனக்கே ஆச்சரியம். குனிந்தே பார்த்துப் பழகிவிட்டேன்.

கராத்தேயில் குத்தும்போது ஒரு கத்து கத்துவார்கள், கேட்டிருக்கிறாயா? அடிவயிற்றிலிருந்து கத்த வேண்டுமாம். இவளுக்குக் கையும் காலும் வந்துவிட்டது, கத்து மட்டும் வரவில்லை. மாஸ்டர் வீட்டில் பழகச் சொல்லிவிட்டாள். அண்ணன் தூங்குகிறானே, இவள் என்ன செய்வாள், தலையணையில் முகத்தை அமுக்கிக்கொண்டு கத்துவாள். தலையணைக்குள்ளிருந்து பூனை மாட்டிக்கொண்ட மாதிரி ஒரு சத்தம். நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். ஒருநாள் அவன் கடைக்குப் போனதும் கொல்லையில் நின்று தலையணை இல்லாமல் கத்தினாள் பாரு. பக்கத்து வீட்டுக் கோழியெல்லாம் மதில் ஏறிவிட்டது. பக்கத்து வீட்டு ஞானம் எட்டிப் பார்த்து, "அமலோற்பவம் அக்கா, யாருக்கு என்னாச்சு?" என்றாள். "ஒண்ணும் ஆகலை. எம் மகளுக்குக் குரல் வந்திருக்கு" என்றேன். எங்கிருந்து எனக்கு அந்தத் திமிர் வந்ததோ.

என்னையும் விடமாட்டாள். அவன் போனதும் அடுப்படிக்கு வந்து, "அம்மா, காலை அகட்டி நில்லு. தோளைப் பின்னாடி கொண்டு போ. தரையைப் பாக்காத, நேராப் பாரு" என்பாள். கரண்டியும் கையுமாக நிற்பேன். கையை ஆட்டு, மூச்சை இழு, உட்கார்ந்து எழுந்திரு. "ஏண்டி, அறுபதை நெருங்குறவளைப் போட்டு இந்தப் பாடு படுத்துற" என்று திட்டுவேன். ஆனாலும் கோயில் படியில் முழங்கால் வலிக்காமல் ஏறினேன். சும்மா இருக்கும்போதே வாயில் ஏதாவது பாட்டு வந்தது. ஒருநாள் அவன் டீயில் சர்க்கரை குறைவு என்றதற்கு, "இன்னிக்கு அவ்வளவுதான் இருந்துச்சு" என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு நானே பயந்துபோய்விட்டேன். சர்க்கரை டப்பா நிறைய இருந்தது.

அப்போதுதான் மணிக்கட்டை விடுவிக்கிறது சொல்லிக்கொடுத்தாள். "அம்மா, எம் மணிக்கட்டைப் பிடி. விடாத" என்பாள். இறுக்கிப் பிடிப்பேன். ஒரு திருப்பு, கை வந்துவிடும். எப்படிடி என்றால், "பிடிக்கிறவனுக்கு நாலு விரல் ஒரு பக்கமா சேர்ந்து நிக்குது, கட்டைவிரல் மட்டும் தனியா நிக்குது. எவ்வளவு பெரிய பலசாலியா இருந்தாலும் கட்டைவிரல் தனி ஆளுதாம்மா. அந்தப் பக்கமாத் திருப்பி இழுத்துட்டா வந்துரும்" என்றாள். என்னைச் செய்யச் சொன்னாள். எனக்கு வரவேயில்லை. பிடித்ததும் கை தானாகத் தொளதொளவென்று ஆகிவிடுகிறது. "என்னம்மா நீ, பிடிச்சவுடனே குடுத்துடற" என்று தலையில் அடித்துக்கொண்டாள். எனக்கு எதற்குடி இதெல்லாம், என்னை யார் பிடிக்கப் போகிறார்கள் என்றேன். அவள் என் கையை மறுபடியும் பிடித்தாள். அப்படித்தான் பொழுது போகும் எங்களுக்கு. நல்ல பொழுது.

அவள் நிமிர நிமிரப் பிரிட்டோவுக்கு முகம் சுருங்கியது. அவனுக்குக் கல்யாணமாகி ஷெர்லி வந்திருந்த நேரம். புதுப் பெண்டாட்டி முன்னால் தங்கை நேருக்கு நேர் பார்த்துப் பதில் சொன்னால் ஆண்பிள்ளைக்கு எப்படி இருக்கும்? கராத்தேயை நிறுத்து என்றான். இவள் நிறுத்தவில்லை.

அன்றைக்குச் சனிக்கிழமை. அவளுக்கு பிரவுன் பெல்ட் பரீட்சை. முடிந்து வரத் தாமதமாகிவிட்டது. நாங்கள் ஜெபமாலை ஆரம்பித்துவிட்டோம். வெள்ளை உடுப்போடு, வேர்த்து ஊற்ற, முகமெல்லாம் சிரிப்பாக வந்து நின்றாள். பாஸாகிவிட்டாள் என்று முகத்திலேயே எழுதியிருந்தது. பிரிட்டோ நாற்காலியிலிருந்து எழுந்தான். "இந்தக் கோலத்துல ஜெபத்துக்கு வருவியா? மண்டி போடுடி. இனிமே போக மாட்டேன்னு மாதா முன்னால சத்தியம் பண்ணு" என்றான்.

"இல்லண்ணே. போவேன்" என்றாள். சத்தமாகக் கூட இல்லை, மணி என்ன என்று கேட்டால் சொல்கிற மாதிரி.

கையை ஓங்கினான். அவள் பிடித்தாள்.

அவ்வளவுதான் பாப்பா. திருப்பி அடிக்கவில்லை, தள்ளவில்லை, திட்டவில்லை. பாதி வழியில் அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள். அவன் இழுத்துப் பார்த்தான், வரவில்லை. அவள் கை அப்படியே நின்றது. "வேண்டாண்ணே. இனிமே வேண்டாம்" என்றாள். அவன் முகத்தைப் பார்த்தேன். நாற்காலியில் நான் அழுத்தி உட்காரவைத்த அன்றைக்கு இருந்ததே, அந்தச் சின்னப்பையன் முகம். ஓடிப்போய் அவள் தோளில் அடித்தேன். "விடுடி! அப்பா கையையா பிடிக்கிற? விடுடி பாவி!" என்று கத்தினேன்.

உடனே விட்டுவிட்டாள். அவனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். "இத்தனை வருஷத்துல அண்ணனைப் பார்த்து ஒரு தடவை நீ விடுடான்னு சொல்லியிருக்கியாம்மா?" என்று கேட்டாள்.

கையில் ஜெபமாலை இருந்தது. ஜெபமாலை நடுவில் பேசக் கூடாது.

அன்றைக்கே துணியை எடுத்து வைத்தாள். வாசலில் நின்று, "நீயும் வாம்மா" என்று கையை நீட்டினாள். கோபத்தில் இல்லை, கோயிலுக்குக் கூப்பிடுகிற மாதிரி. நான் அந்தக் கையைத் தொடவில்லை. இரண்டு பிள்ளை பெற்றவள் ஒன்றை விட்டுவிட்டு எப்படி ஒன்றோடு போவது? "மன்னிப்புக் கேட்டுட்டு உள்ளே வா" என்றேன். கொஞ்ச நேரம் கையை நீட்டியபடியே நின்றாள். அப்புறம் அந்தக் கையாலேயே பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். ரஷீதா மாஸ்டர்தான் கோயம்புத்தூரில் இடம் பார்த்துக் கொடுத்தாளாம். அந்தப் பெண்ணை நான் சபிக்கவில்லை. சபிக்கக் கூடாது. அவளுக்காகவும் ஜெபமாலையில் ஒரு மணி உருட்டிக்கொண்டுதான் இருக்கிறேன், மனசில்லாமல்.

அதிலிருந்து என் மகன் மகனாக இல்லை. தங்கச்சி கையைப் பிடித்த கதையை ஷெர்லி எங்கேயோ சொல்லி, கடைப்பக்கம் ஒருத்தன் கேலி பண்ணியிருக்கிறான். "என்ன மாப்ள, வீட்ல பிளாக் பெல்ட்டாமே" என்று. அதற்கு ஷெர்லியை அடித்திருக்கிறான். அவள் அதற்குள் பிறந்திருந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாய்வீட்டுக்குப் போனவள், வரவேயில்லை. இப்போது வீட்டில் அவனும் நானும்தான். பாவம், கோபம் வந்தால் காட்டுவதற்குக் கூட ஆள் இல்லை அவனுக்கு. நான் ஒருத்திதான்.

சில சமயம் தோன்றும், ஒரு வீட்டுக்கு இவ்வளவு தைரியம் என்று ஆண்டவர் அளந்துதான் கொடுப்பாரோ? இவள் மொத்தமாக மொண்டுகொண்டு போனதில் அவனுக்கு இல்லாமல் போயிற்றோ? வந்து ஒரு ஸ்தோத்திரம் சொன்னால் கொஞ்சம் திரும்பிவிடும். அதற்குத்தான் போகிறேன். வருவாளா பாப்பா? நீயும் அந்த வயதுதானே, சொல்லேன். நீயாக இருந்தால் வருவாயா?

சரி, சரி. பதில் சொல்ல வேண்டாம்.

அவள் என்னை விட்டுவிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் பண்ணுவாள். எல்லாப் பிள்ளைகளும் சாப்பிட்டியா என்று கேட்கும். இவள், "கை எப்படிம்மா இருக்கு?" என்றுதான் ஆரம்பிப்பாள். இதென்ன கேள்வி என்று இருக்கும். நன்றாக இருக்கிறது என்பேன். போன ஞாயிற்றுக்கிழமை போனை இடது கையில் பிடித்திருந்தேன். அதை எப்படிக் கண்டுபிடித்தாளோ, "ஏம்மா, குரல் ஒரு மாதிரி இருக்கு. வலது கையில என்ன?" என்று கேட்டுவிட்டாள். குளியலறையில் வழுக்கி ஊன்றிவிட்டேன் என்றேன். அப்புறம், "கட்டைவிரல் பக்கம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். அழுதாளோ என்னவோ.

கிரைண்டர் என்றுதான் உன்னிடம் சொன்னேனா? ஆமாம், கிரைண்டரும்தான். வயதானால் எல்லாவற்றிலும் இடித்துக்கொள்கிறோம்.

அது பழனிமலைதானே? ஜன்னல் வழியாக எவ்வளவு கிட்டத்தில் தெரிகிறது. கும்பிட்டுக்கொள் நீ. நானும் மனசுக்குள் சொல்லிக்கொள்கிறேன், எல்லாம் ஒரே இடத்துக்குத்தான் போகும்.

பிரிட்டோவிடம் சொல்லவில்லை. காலையில் அவன் கடைக்குப் போனதும் கிளம்பினேன். சொல்லியிருந்தால் விடமாட்டான். இரண்டு நாளில் திரும்பிவிடுவேன், சோறு வடித்து, குழம்பு வைத்து, மூடி வைத்துவிட்டுத்தான் வந்தேன். இரண்டு நாளைக்கு இவ்வளவு பெரிய பையா என்று கண்டக்டர் கேட்டார். நானே அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். மாதா சுரூபத்தை எடுத்தேன். என் வீட்டுக்காரர் போட்டோவை எடுக்கவில்லை, மாதாவை மட்டும் எடுத்தேன். ஆதார் அட்டை, ஆஸ்பத்திரிச் சீட்டு, குளிருக்குப் போர்வை, என் கல்யாணப் புடவை. அவளைக் கூட்டிக்கொண்டு வருவதற்குக் கல்யாணப் புடவை எதற்கு? கை பாட்டுக்கு எடுத்து வைத்தது. நான் ஜெபம் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

என் போன்தான் அடிக்கிறது. பார்த்துச் சொல்லேன். பிரிட்டோவா? எடுக்க வேண்டாம். சாப்பிட வீட்டுக்கு வந்திருப்பான். அடிக்கட்டும். இந்தச் சத்தத்தை நிறுத்துவது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. நீ கொஞ்சம் நிறுத்திக் கொடு தாயி. அணைக்க வேண்டாம். அணைத்தால் அவனுக்குக் கஷ்டமாக இருக்கும். சத்தம் மட்டும் வேண்டாம்.

ம். இப்போது எவ்வளவு அமைதியாக இருக்கிறது பாரு.

பாப்பா, ஓர் உதவி செய்வாயா? உக்கடம் வருவதற்குள். அவளைப் பார்த்ததும் ஒன்று காட்ட வேண்டும் என்று ஆசை. அம்மா மறக்கவில்லை என்று தெரிந்தால் அவளுக்கு மனசு இளகும். இளகினால் கூட வருவாள். என் கையைக் கொஞ்சம் பிடி. அதை இல்லை, அது வலிக்கும். இந்த இடது கையை. மணிக்கட்டில். பயப்படாதே. நாலு விரல் அந்தப் பக்கம், கட்டைவிரல் இந்தப் பக்கம். ஆமாம், அப்படித்தான். இரு, கை தொளதொளவென்று ஆகிறது, இரு. தோளைப் பின்னால் கொண்டுபோகணும். தரையைப் பார்க்கக் கூடாது.

வந்துவிட்டது! பார்த்தாயா? வந்துவிட்டதே!

இன்னொரு தடவை பிடி. இல்லை, இது போதாது. நீ சும்மா பிடிக்கிறாய், அதனால்தான் வந்துவிட்டது. நன்றாக இறுக்கு. இன்னும் இறுக்கு தாயி, எலும்பு தெரிகிற மாதிரி இறுக்கு. அவன் இப்படியா பிடிப்பான்?